நேரோபோட்டில் கால்வாய்ப் பயணம்: லாக்கில் பத்திரமாக ஏறி இறங்குவது எப்படி

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ நேரோபோட் என்ற ஒடுங்கிய கால்வாய்ப் படகு ஒன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுக்க லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. முன் அனுபவமும் கேட்க மாட்டார்கள். படகுத்துறையில் ஒருவர் வந்து எஞ்சின், கேஸ், தண்ணீர் டேங்க், டாய்லெட் எல்லாவற்றையும் காட்டி, கொஞ்ச தூரம் கூடவே வந்து ஓட்டச் சொல்லிக்கொடுத்து, சாவியைக் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விடுவார். அதற்கப்புறம் பல டன் எடையுள்ள ஓர் இரும்புப் படகு உங்கள் பொறுப்பு. போகும் வழி, படுக்கை, சமையலறை பற்றியெல்லாம் நாம் நிறைய விசாரிப்போம். லாக், அதாவது தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டி, அதைப் பற்றி அவர் சொல்லும்போது மட்டும் மனசு வேறெங்கோ இருக்கும். கால்வாயில் உயிருக்கு ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் லாக்கில்தான் இருக்கிறது, அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

முதலில் படகு. நேரோபோட்டின் அகலம் 6 அடி 10 அங்குலம், ஏனென்றால் அது நுழையவேண்டிய லாக்குகளின் அகலமே சுமார் 7 அடிதான். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர், 1777இல் முடிந்த ட்ரென்ட் அண்ட் மெர்சி கால்வாய்க்காகத் தீர்மானித்த அளவு இது. செலவையும் தண்ணீரையும் மிச்சம் பிடிக்கச் சின்னதாகக் கட்டினார், நடு இங்கிலாந்தின் பெரும்பாலான கால்வாய்கள் அதே அளவைப் பின்பற்றின. நீளம் 70 அடி வரை போகும், ஆனால் 57 அடிப் படகு ஏறக்குறைய எல்லாக் கால்வாய்க்கும் பொருந்தும். முதல் தடவை என்றால் அதைவிடச் சின்னதாகவே எடுங்கள். நாலு பேருக்கு 50 அடிக்குள் தாராளமாகப் போதும், லாக்குக்குள் முன்னாலும் பின்னாலும் இடம் மிஞ்சும். அந்த மிச்ச இடத்தின் அருமை அடுத்துப் படிக்கும்போது தெரியும்.

லாக் எப்படி வேலை செய்கிறது

கால்வாய்த் தண்ணீர் ஒரு மட்டத்தில் நிற்கும், குன்று வந்தால் அது ஏறாது. அதனால் இரண்டு முனையிலும் கதவு வைத்த ஒரு கல் தொட்டியைக் கட்டி, படகை உள்ளே விட்டு, தண்ணீரை நிரப்பி மேலே தூக்குகிறார்கள், வடியவிட்டுக் கீழே இறக்குகிறார்கள். பம்ப் கிடையாது, கரண்ட் கிடையாது, எல்லாம் தண்ணீரின் எடைதான். தண்ணீரைத் திறந்து மூடும் ஷட்டருக்கு அங்கே பேடில் என்று பெயர். கரையோரம் தரையில் இருந்தால் கிரவுண்ட் பேடில், கதவிலேயே இருந்தால் கேட் பேடில். இவற்றைச் சுற்றித் தூக்க வின்ட்லஸ் என்ற எல் வடிவ இரும்புக் கைப்பிடி ஒன்றைக் கொடுப்பார்கள். இரண்டாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று எப்படியும் தண்ணீருக்குள் போய்விடும். சில இடங்களில் பேடிலுக்குப் பூட்டு இருக்கும், அதற்கான சாவியும் படகில் இருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள்.

மேலே ஏற: கீழ்க்கதவு வழியாக உள்ளே போய், கதவையும் அதன் பேடில்களையும் மூடி, மேல்முனைப் பேடிலைத் திறந்தால் தொட்டி நிரம்பும். இரண்டு பக்கமும் மட்டம் ஒன்றானதும் மேல்கதவைத் தள்ளி வெளியே போகலாம். கீழே இறங்க இதையே தலைகீழாகச் செய்யவேண்டும். கதவோடு சேர்ந்து ஒரு நீளமான உத்தரம் கரைக்கு நீட்டிக்கொண்டிருக்கும், அதில் முதுகைச் சாய்த்து, தரையில் பதித்திருக்கும் செங்கல் வரிசையில் காலை ஊன்றி மெதுவாகத் தள்ளினால் கதவு நகரும். நகரவில்லை என்றால் மட்டம் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். ஓரிரு அங்குல வித்தியாசம் இருந்தாலும் எத்தனை பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாது, காத்திருக்கத்தான் வேண்டும். படகால் இடித்துக் கதவைத் திறக்க முயல்வதைச் சிலர் செய்வதைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஒருமுறை ஒரு குறுகிய லாக்கை நிரப்பி வடித்தால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் கீழே போகிறது. ஆகவே நீங்கள் வரும்போது லாக் எதிரே வருபவருக்குத் தோதாக (நீங்கள் ஏறுவதானால் நிறைந்து, இறங்குவதானால் வடிந்து) இருந்தால், எதிரே படகு ஏதாவது வருகிறதா என்று ஒருமுறை நடந்துபோய்ப் பாருங்கள். வந்தால் அவர்களை முதலில் விடுங்கள், ஒரு தொட்டித் தண்ணீர் மிச்சம். முடித்துவிட்டுக் கிளம்பும்போது பேடில் எல்லாம் முழுசாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள், பாதி திறந்து கிடந்தால் காலையில் மேல்பக்கக் கால்வாய் வற்றி அங்கே கட்டியிருந்த படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும்.

இறங்கும்போது: நிலைப்படி

இதுதான் மிக முக்கியமானது, இதை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள். மேல்கதவுக்கு அடியில் ஒரு நிலைப்படி இருக்கிறது, சில் என்பார்கள், கல்லாலோ கான்கிரீட்டாலோ ஆனது, கதவிலிருந்து லாக்குக்குள் சில அடி நீட்டிக்கொண்டிருக்கும், சில இடங்களில் ஐந்தடி வரைகூட. லாக் நிறைந்திருக்கும்போது அது தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கும், ஒன்றும் தெரியாது. நீங்கள் இறங்கும்போது படகின் பின்பக்கம் அதற்கு மேலே நின்றால், தண்ணீர் வடிய வடிய முன்பக்கம் இறங்கும், பின்பக்கம் அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்துவிடும். படகு மூக்குக் குப்புறச் சாயும், முன்பக்கம் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறும், நிமிஷக் கணக்கில் மூழ்கும். கால்வாயில் படகுகள் மூழ்குவதற்கு இது வழக்கமான காரணங்களில் ஒன்று, உயிர்களும் போயிருக்கின்றன.

தப்பிக்க வழி எளிது. லாக்கின் விளிம்புக் கல்லில் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டிருப்பார்கள், பக்கத்தில் சில் என்று எழுதியும் இருக்கும். சுக்கானும் புரொப்பெல்லரும் உட்பட உங்கள் படகின் கடைசி அங்குலம்வரை அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்கவேண்டும். லாக்குக்குள் வந்ததும் கோடு எங்கே என்று தேடுங்கள். பாசி மூடியிருக்கலாம், பெயின்ட் உதிர்ந்திருக்கலாம். கண்ணுக்குப் படவில்லை என்றால் மேல்கதவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி நில்லுங்கள். அதே சமயம் முன்மூக்கு கீழ்க்கதவின் சட்டத்தில் மாட்டிக்கொள்ளாமலும் இருக்கவேண்டும், நீளமான படகுக்கு இதுதான் கஷ்டம். கீழ்ப்பேடில் திறந்ததும் தண்ணீரின் இழுப்பில் படகு முன்னும் பின்னும் நகரும். சுக்கான் பிடிப்பவர் கியரை மெதுவாகப் போட்டு எடுத்து அதை ஒரே இடத்தில் நிறுத்திக்கொண்டே இருக்கவேண்டும், போனை எடுக்கவோ டீ குடிக்கவோ நேரமில்லை. ஒரே ஒரு நிமிஷம் பின்னால் திரும்பிப் பாருங்கள்: கறுத்த ஈரச் சுவர் உயர்ந்துகொண்டே போகும், கதவின் இடுக்குகளில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், அதற்குக் கீழே பச்சைப் பாசி வழியும் அந்தக் கல்படி தண்ணீரைவிட்டு மெல்ல வெளியே வரும். அது உங்கள் சுக்கானுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று ஒருமுறை நேரில் பார்த்தவர்கள் அப்புறம் எந்த லாக்கிலும் அலட்சியமாக நிற்பதில்லை.

அப்படியும் மாட்டிக்கொண்டால்: உடனே கீழ்ப்பேடில் எல்லாவற்றையும் மூடவேண்டும். வடிவது நின்றபிறகு மேல்ப்பேடிலைக் கொஞ்சமாகத் திறந்தால் தண்ணீர் ஏறிப் படகைத் தூக்கிவிடும். வரிசையை மாற்றிவிடக் கூடாது, முதலில் போகிற தண்ணீரை நிறுத்து, அப்புறம் திருப்பி விடு.

ஏறும்போது

ஏறும்போது சிக்கல் முன்பக்கத்தில். முன்மூக்கோ அதில் தொங்கும் கயிற்றுப் பந்தோ மேல்கதவின் சட்டத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டால், தண்ணீர் ஏற ஏறப் பின்பக்கம் மட்டும் மேலே போகும், முன்பக்கம் அமுங்கி மூழ்கும். இதற்கு மருந்து முன்னதற்கு நேர் எதிர்: மேல்ப்பேடிலை மூடு, கீழ்ப்பேடிலைத் திற.

கேட் பேடிலை அவசரப்பட்டுத் திறப்பதும் ஆபத்து. அதன் ஓட்டை தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும்போது திறந்தால் அருவிபோல நேராகப் படகின் முன் தளத்தில் கொட்டும். கிரவுண்ட் பேடிலை முதலில் பாதி திறந்து, படகு அடங்கியதும் முழுசாகத் திறந்து, கேட் பேடிலின் ஓட்டை தண்ணீருக்குள் போனபிறகுதான் அதைத் தொடவேண்டும். ஏறும்போது படகின் முன்கதவுகளைச் சாத்தியே வையுங்கள். குழந்தைகளை முன் தளத்தில் உட்காரவைக்காதீர்கள்.

கிராண்ட் யூனியன், கென்னட் அண்ட் ஏவன் போன்ற கால்வாய்களில் லாக் 14 அடி அகலம், இரண்டு படகு பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். தனியாகப் போனால் படகு இங்கேயும் அங்கேயும் அலையும். உங்கள் படகு எந்தச் சுவரோரம் இருக்கிறதோ அந்தப் பக்கக் கிரவுண்ட் பேடிலை முதலில் திறங்கள், தண்ணீர் எதிர்ச்சுவரில் மோதித் திரும்பிவந்து படகைச் சுவரோடு சேர்த்தே பிடித்துக்கொள்ளும். துணைக்கு இன்னொரு படகு வந்தால் காத்திருந்து சேர்ந்தே போங்கள், உழைப்பு பாதி.

கயிறு, கைப்பிடி, துப்பட்டா

லாக்குக்குள் கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டவே கூடாது. கரையிலுள்ள கட்டையில் ஒரு சுற்று சுற்றி நுனியைக் கையில் வைத்துக்கொண்டு, படகு இறங்க இறங்க விட்டுக்கொடுங்கள். முடிச்சுப் போட்டிருந்தால் தண்ணீர் இறங்கும், படகு கயிற்றில் தொங்கும், அப்புறம் கவிழும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதும் வேண்டாம். பக்கவாட்டில் இடி தாங்கத் தொங்கும் ஃபென்டர்களைக் குறுகிய லாக்கில் நுழையுமுன் மேலே தூக்கிப் போட்டுவிடுங்கள், சுவருக்கும் படகுக்கும் நடுவில் அவை ஆப்புபோல இறுகிவிடும்.

வின்ட்லஸை பேடில் தண்டிலேயே விட்டுவிட்டு அந்தப் பக்கம் போகாதீர்கள். பேடில் கீழே நழுவாமல் ஒரு சின்ன இரும்பு நாக்கு பற்சக்கரத்தைப் பிடித்திருக்கும். அது வழுக்கினால் பேடில் தன் எடையில் கீழே விழும், வின்ட்லஸ் காற்றாடிபோலச் சுழன்று மணிக்கட்டை உடைக்கும், அல்லது பறந்துபோய் யார் முகத்திலாவது படும். கை நழுவிவிட்டால் மறுபடி பிடிக்கப் போகாதீர்கள், விலகி நில்லுங்கள். இறக்கும்போதும் நாக்கைத் தட்டிவிட்டு விழவிடாமல் கையால் சுற்றியே இறக்குங்கள்.

நம் வீட்டுப் பெண்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது: துப்பட்டா, சேலை, பின்னல், நீளமான ஸ்கார்ஃப் எதுவும் அந்தப் பற்சக்கரத்துக்குப் பக்கத்தில் போகக் கூடாது. பேன்ட், இறுக்கமான சட்டை, கட்டிய முடி, அடியில் பிடிப்புள்ள ஷூ. செருப்பு சரிப்படாது. லாக் ஓரத்துக் கற்கள் தேய்ந்து வழவழவென்று இருக்கும், மழை பெய்தால் சோப்பு போட்டதுபோல வழுக்கும். லாக்கில் ஓடாதீர்கள். பாதி திறந்த கதவுகளுக்கு நடுவில் இடைவெளியைத் தாண்டிக் குதிக்காதீர்கள், சுற்றி நடந்துபோனால் ஒரு நிமிஷம்தான் கூடும். படகு சுவரில் இடிக்கப்போகிறது என்று காலை நீட்டித் தடுக்காதீர்கள். இடிக்கட்டும், அது இரும்பு, இடி வாங்கவே செய்தது. நம் கணுக்கால் அப்படி இல்லை.

கால்வாயின் நடுவில் பெரும்பாலும் மூன்று நான்கு அடி ஆழம்தான், விழுந்தால் எழுந்து நிற்கலாம். லாக் அப்படியல்ல, நிறைந்த லாக்கில் ஆள் ஆழத்துக்கு மேல் குளிர்ந்த தண்ணீர், கூடவே சுழற்சி. யாராவது விழுந்தால் சுக்கானில் இருப்பவர் உடனே கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து எஞ்சினை நிறுத்தவேண்டும், புரொப்பெல்லர்தான் முதல் எதிரி. கரையில் இருப்பவர் எல்லாப் பேடிலையும் மூடவேண்டும். அப்புறம் கயிறோ மிதவையோ எறியுங்கள், பெரும்பாலான லாக்குகளில் சுவரில் ஏணி பதித்திருக்கும், அதை நோக்கி இழுங்கள். காப்பாற்றுகிறேன் என்று நீங்களும் குதிக்கக் கூடாது. நீச்சல் தெரியாதவர்கள், குழந்தைகள், வயதானவர்கள் லாக்கில் லைஃப் ஜாக்கெட் போட்டே இருக்கட்டும், வாடகைக்குக் கொடுப்பவர்களிடம் கேட்டால் தருவார்கள்.

இதற்கெல்லாம் அடிப்படையாக ஒரு பழக்கம் வேண்டும். சுக்கானில் இருப்பவரும் பேடில் பக்கம் இருப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். எஞ்சின் சத்தத்திலும் தண்ணீர் இரைச்சலிலும் கத்தினால் கேட்காது, ஆகவே கிளம்புமுன் கைஜாடை பேசி வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தால் உடனே மூடு, கேள்வி வேண்டாம். சுக்கானில் இருப்பவர் தலையாட்டாமல் கரையில் யாரும் பேடிலைத் தொடக்கூடாது. கரையில் வேடிக்கை பார்க்க வருபவர்கள் அன்பாக உதவ வருவார்கள், நாமும் சரி என்போம், அவர் பாட்டுக்கு எல்லாவற்றையும் மளமளவென்று திறந்துவிடுவார். சிரித்துக்கொண்டே, மெதுவாக, நாங்கள் சொல்லும்போது மட்டும் என்று சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

படிக்கட்டு லாக்குகள்

சில இடங்களில் ஒரு லாக்கின் மேல்கதவே அடுத்த லாக்கின் கீழ்க்கதவாக இருக்கும், நடுவில் கால்வாய் கிடையாது. யார்க்‌ஷரில் 1774இல் திறந்த பிங்க்லியின் ஐந்தடுக்கு இதில் பேர்போனது. இங்கே ஒரு பேடிலை வரிசை தவறித் திறந்தால் ஒன்று தண்ணீர் கரைமேல் பொங்கும் அல்லது படகு தரைதட்டி நிற்கும். பெரிய அடுக்குகளில் லாக் கீப்பர் இருப்பார், அவர் சொல்வதைக் கேட்டால் போதும். லெஸ்டர்ஷரின் ஃபாக்ஸ்டனில் பேடில்களுக்கு சிவப்பும் வெள்ளையும் அடித்திருக்கிறார்கள், சிவப்பு முதலில், வெள்ளை அப்புறம். இவை டார்டபிக்கின் 30 லாக், டிவைசஸ் பக்கத்துக் கேன் ஹில்லின் 29 லாக் வரிசைகளிலிருந்து வேறு; அங்கே ஒவ்வொன்றும் தனித்தனி லாக், ஆனால் ஒரே நாளில் அத்தனையும் ஏறினால் கை கழன்றுவிடும்.

மற்றவை

வேகம் மணிக்கு 4 மைல்தான் அதிகபட்சம், கட்டியிருக்கும் படகுகளைத் தாண்டும்போது அதிலும் பாதி. வலப்பக்கமாகப் போகவேண்டும். சுக்கான் கட்டையை இடப்பக்கம் தள்ளினால் முன்பக்கம் வலது திரும்பும், அரைநாளில் பழகிவிடும். படகு நடுவில் சுழல்வதால் முன்பக்கம் வலது போனால் பின்பக்கம் இடது போய் எதையாவது இடிக்கும், ஆகவே பின்னாலும் ஒரு கண். பிரேக் கிடையாது, ரிவர்ஸ் போட்டுத்தான் நிற்கவேண்டும், ரிவர்ஸில் சுக்கான் சொன்னபேச்சு கேட்காது.

புரொப்பெல்லரில் பிளாஸ்டிக் பையோ துணியோ சுற்றிக்கொண்டால் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பின்னால் உள்ள மூடியைத் திறந்து கையால் எடுக்கலாம். அந்த மூடியைத் திரும்ப இறுக்கி மூடினோமா என்று இரண்டு தடவை பாருங்கள், அது தளர்வாக இருந்தால் எஞ்சின் போட்டதும் தண்ணீர் உள்ளே அடித்துப் படகே மூழ்கும். கால்வாய்த் தண்ணீர் பட்ட கையைச் சாப்பிடுமுன் சோப்பு போட்டுக் கழுவுங்கள், எலிக்காய்ச்சல் உண்டு. கையில் வெட்டுக்காயம் இருந்தால் பிளாஸ்டர்.

குளிருகிறது என்று காற்று வரும் துவாரங்களை அடைக்கவே கூடாது. சோறு, குழம்பு, தோசை என்று நம் சமையல் நேரமெடுக்கும், அவ்வளவு நேரமும் கேஸ் எரியும், விறகடுப்பும் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது. அலாரம் இருக்கிறதா, பட்டனை அழுத்தினால் கத்துகிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

எங்கே போவது என்று கேட்டால், முதல் தடவைக்கு வேல்ஸ் எல்லையோரத்து லாங்கோலன் கால்வாயைத்தான் சொல்வேன். சர்க் அல்லது ட்ரெவர் பக்கமிருந்து லாங்கோலன் ஊர்வரை லாக்கே கிடையாது. சுக்கான் பழகியபின் நியூ மார்ட்டனில் இரண்டே லாக், அதற்குப் பிறகு தைரியம் வந்தால் கிரின்ட்லி புரூக்கின் அடுக்கு. வழியில் 1805இல் தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெஸப்பும் கட்டிய பான்ட்கசுல்தே தொட்டிப்பாலம், டீ ஆற்றுக்கு மேல் 38 மீட்டர் உயரத்தில் படகிலேயே போகலாம், 2009இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நடைபாதைப் பக்கம் மட்டும் கம்பி வேலி உண்டு, மறுபக்கம் ஒன்றுமே இல்லை, ஆகவே குழந்தைகள் உள்ளே. இந்தக் கால்வாயில் கொஞ்சம் நீரோட்டமும் இருக்கும். ஏறிவரும்போது லாக் வாசலில் மிச்சத் தண்ணீர் பக்கவாட்டில் வந்து விழுந்து முன்மூக்கைத் தள்ளும், சற்று வேகம் வைத்து நேராகப் பிடித்து நுழையவேண்டும்.

நேரக் கணக்கு: மைல்களையும் லாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் எத்தனை மணிநேரம் என்று கிட்டத்தட்ட வரும். 10 மைல், 8 லாக் என்றால் ஆறு மணிநேரம். புதியவர்கள் நாளுக்கு ஐந்தாறு மணிநேரத்துக்குமேல் திட்டம் போடாதீர்கள். இருட்டுவதற்குள் லாக்கை முடிக்க நினைத்து விரட்டும்போதுதான் மேலே சொன்னதெல்லாம் நடக்கிறது. குளிர்காலத்தில் பழுதுபார்க்கப் பல லாக்குகளை மூடுவார்கள், வறண்ட கோடையிலும் மூடுவதுண்டு, கால்வாய்களைப் பராமரிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்டின் இணையதளத்தில் கிளம்புமுன் பாருங்கள்.

ஒவ்வொரு பாலத்திலும் ஒரு எண் பலகை இருக்கும், லாக்குகளுக்கும் எண்ணோ பெயரோ உண்டு. தாண்டும்போதெல்லாம் ஒருவர் அதைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லட்டும். வயல்நடுவில் தெருப்பெயர் கிடையாது, அவசர உதவிக்கு 999ஐ அழைக்க நேர்ந்தால் கால்வாயின் பெயரும் கடைசியாகத் தாண்டிய பாலத்தின் எண்ணும்தான் உங்கள் விலாசம்.